10 செ.மீ. சேஃப்டி ஸ்கிரேப்பர்: வாங்கலாம், ஆனால் எந்தக் கண்ணாடியில் போடலாம்?

புது ஃபிளாட்டுகளில் சாவி கொடுப்பதற்கு முன்னால் நடக்கும் கிளீனிங்தான் என் தொழில். நாவலூர், சிறுசேரி, படூர் என்று சென்னை ஓஎம்ஆர் பக்கம்தான் வேலை அதிகம். கொத்தனார், பெயின்டர், எலக்ட்ரீஷியன், ஜன்னல் மாட்ட வந்தவர் எல்லோரும் போன பிறகுதான் நாங்கள் உள்ளே போவோம். அப்போது சிமென்ட் தெறிப்பு, பட்டி, பெயின்ட் சொட்டு, டேப் பசை, சிலிக்கான் என்று அத்தனையும் ஜன்னல் கண்ணாடியில் காய்ந்து கிடக்கும். ஸ்கிரேப்பர் இல்லாமல் அந்த வேலை ஆகாது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பெண்கள் என்னிடம் முதலில் கேட்பதும், "அக்கா, எந்த ஸ்கிரேப்பர் வாங்கலாம்?" என்றுதான்.

உங்கர் கம்பெனியின் எர்கோடெக் வரிசையில் வரும் 10 செ.மீ. சேஃப்டி ஸ்கிரேப்பரை வாங்குங்கள் என்பேன். எங்கள் டீமில் ஒவ்வொருவர் கையிலும் இப்போது இதுதான் இருக்கிறது. பிளேடு உள்ளே போய்விடும் என்ற ஒரு காரணத்துக்காகவே இதற்குக் கொடுக்கும் காசு தகும். ஆனால் நல்ல ஸ்கிரேப்பர் கையில் இருந்தாலே கண்ணாடியில் கீறல் கோடு விழாது என்று யாரும் நம்பிவிட வேண்டாம். கோடு விழுவதும் விழாததும் பெரும்பாலும் அந்தக் கண்ணாடி எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. அதனால் கருவியைப் பற்றிக் கொஞ்சமும், கண்ணாடியைப் பற்றி அதிகமும் எழுதுகிறேன்.

உங்கர் 1964-ல் ஹாம்பர்க்கில் தொடங்கிய ஜெர்மன் கம்பெனி. இப்போது ஜெர்மனியில் அவர்கள் இருப்பது சோலிங்கனில். கத்திக்கும் பிளேடுக்கும் பல நூறு வருஷமாகப் பேர்போன ஊர் அது. இந்த ஸ்கிரேப்பரின் கைப்பிடியில் ரப்பர் பிடிப்பு இருக்கிறது. கை முழுக்க சோப்புத் தண்ணீராக இருந்தாலும் வழுக்குவதில்லை. நாள் முழுக்க ஈரக் கையோடு வேலை செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். வேலை முடிந்ததும் பிளேடை உள்ளே இழுத்துவிடலாம். வாளிக்குள் கை விட்டுத் துணி எடுக்கும்போதும், பைக்குள் சாமான் தேடும்போதும்தான் இந்தத் தொழிலில் கை கிழியும். கண்ணாடியைச் சுரண்டும்போது கிழிவது குறைவு, ஏனென்றால் அப்போது நம் கண் பிளேடின் மேலேயே இருக்கும். கீழே வைத்த பிறகுதான் அதை மறந்துபோவோம். பிளேடு உள்ளே போகிற ஸ்கிரேப்பரின் அருமை அங்கேதான் தெரிகிறது.

ஹார்ட்வேர் கடைகளில் பெயின்டர்களுக்காக விற்கும் ஸ்கிரேப்பர்கள் இதைவிடப் பல மடங்கு மலிவு. தகரப் பிடியில் ஒரு ஸ்குரூ, அதில் மாட்டிய பிளேடு. சுவரில் பட்டி சுரண்ட அது போதும். கண்ணாடிக்கு வேண்டாம். பிளேடு கொஞ்சம் ஆடினாலும் ஒரு முனை மட்டும் அழுந்தும், அந்த முனை கண்ணாடியில் இறங்கும். மூடி கிடையாது என்பதால் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போடுவார்கள். காகிதம் நனைந்தால் அவ்வளவுதான்.

10 செ.மீ. ஸ்கிரேப்பரோடு, 4 செ.மீ. பிளேடு போடும் சின்ன ஸ்கிரேப்பர் ஒன்றும் இருந்தால் நல்லது. ஜன்னல் மூலைகளுக்கும், ஸ்டிக்கரின் விளிம்பைக் கிளப்பவும் அது. 15 செ.மீ. நீளமானது பெரிய ஷோரூம் கண்ணாடிகளில் வேலையைச் சீக்கிரம் முடிக்கும். ஆனால் பிளேடு நீளமாக ஆக, முழு நீளத்துக்கும் ஒரே அழுத்தம் கொடுப்பது கஷ்டம். கை பழகாதவர்களிடம் அதைக் கொடுப்பதில்லை.

பிளேடு விஷயத்தில் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். கார்பன் ஸ்டீல் பிளேடு கூர்மை அதிகம், ஆனால் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் பிளேடு துருவைத் தாங்கும், விளிம்பு அவ்வளவு கூராக நிற்காது. நான் வாங்குவது கார்பன் ஸ்டீல். கடல் காற்று அடிக்கும் ஈசிஆர் பக்கம் வேலை என்றால், ஈரத்தோடு இரவு விட்ட பிளேடு காலையில் பழுப்புப் புள்ளிகளோடு இருக்கும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம், கண்ணாடியில் ஒரு கோடு. அதனால் நேற்றைய பிளேடை இன்றைய கண்ணாடியில் வைக்கக் கூடாது என்பது எங்களிடம் சட்டம். பிளேடின் விலையையும், பால்கனி ஸ்லைடிங் கதவின் கண்ணாடி விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

புதுப் பிளேடானாலும் மாட்டியதும் ஒரு முறை சோதிப்போம். வெளிச்சத்துக்கு எதிரே விளிம்பை நேராகப் பார்த்தால், நல்ல விளிம்பு கண்ணுக்கே தெரியாது. எங்கேயாவது ஊசிமுனை அளவுக்கு மினுங்கினால் அந்த இடத்தில் விளிம்பு மடிந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பிளேடு போகட்டும். வேலை நடுவிலும் பிளேடு தானே காட்டிக்கொடுக்கும். ஈரக் கண்ணாடியில் தள்ளியபின் மெல்லிய சோப்புக் கோடு ஒன்று அதே இடத்தில் திரும்பத் திரும்ப விடுபட்டால், பிளேடில் அந்த இடம் கெட்டுவிட்டது.

பயன்படுத்தும் முறையில் பாதி வேலை பிளேடை எடுப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. முதலில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், கண்ணாடியை மட்டும் இல்லை, மேல் ஃபிரேமையும் டிராக்கையும் சேர்த்து. கட்டட வேலை நடந்த இடத்தில் எம்-சாண்ட் தூசி இல்லாத ஜன்னல் கிடையாது. அதில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் மோஸ் கடினத்தன்மை அளவில் 7. கண்ணாடி ஐந்தரைக்குப் பக்கத்தில். அதாவது மணல் கண்ணாடியைக் கீறும், சந்தேகமே வேண்டாம். நனைந்த சாதாரணக் கண்ணாடியில் நல்ல ஸ்டீல் பிளேடு தன்னால் கோடு போடுவதில்லை. பிளேடுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாட்டிய துகள்தான் போடுகிறது. மேல் ஃபிரேமில் இருக்கும் மணலை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் கழுவினால், அந்த மணல் வேலை நடுவில் தண்ணீரோடு இறங்கி வரும்.

அப்புறம் சோப்புத் தண்ணீர். ஒரு வாளித் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுகள் போதும். சலவைத் தூள் வேண்டவே வேண்டாம், கரையாத குருணை பிளேடுக்கு அடியில் போகும். தடவிவிட்டுச் சில நிமிஷம் ஊற விட வேண்டும். எமல்ஷன் பெயின்ட் சொட்டு ஊறினாலே பாதி இளகிவிடும். கண்ணாடி எந்த நேரத்திலும் காயக் கூடாது. சென்னை வெயிலில் இது சாதாரண வேலை இல்லை. மேற்குப் பக்க ஜன்னல்களைக் காலையிலும் கிழக்குப் பக்கத்தை மத்தியானத்துக்கு மேலும் எடுத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

பிளேடைக் கண்ணாடியில் வைக்கும் சாய்வு ஏறத்தாழ 30 டிகிரி. தோசைத் திருப்பியைத் தோசைக்கு அடியில் நுழைக்கும் சாய்வு என்று சொன்னால் எங்கள் டீமில் யாருக்கும் இரண்டாவது முறை சொல்ல வேண்டியதில்லை. விளிம்பு முழுவதும் கண்ணாடியில் படிந்திருக்க வேண்டும், ஒரு முனை தூக்கக் கூடாது. முன்னால் மட்டும்தான் தள்ள வேண்டும். ஒரு ஜாண் அளவுக்குத் தள்ளி, தூக்கி, மறுபடி வைத்துத் தள்ள வேண்டும். பிளேடைக் கண்ணாடியில் வைத்தபடியே பின்னால் இழுக்கவே கூடாது. முன்னால் தள்ளும்போது பெயர்ந்த துகள் பிளேடின் மேல் ஏறிக்கொள்ளும். பின்னால் இழுத்தால் அதே துகள் அடியில் மாட்டிக்கொண்டு கூடவே வரும். சாமான் தேய்த்துப் பழகிய கைக்கு முன்னும் பின்னும் போவதுதான் இயல்பு. அதை மாற்றுவதற்குத்தான் புதியவர்களுக்கு நாள் பிடிக்கிறது. மற்றக் கை எப்போதும் பிளேடுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கண்ணாடியைத் தாங்குகிறேன் என்று முன்னால் வைக்கக் கூடாது.

சத்தத்தைக் கவனியுங்கள். நல்ல பிளேடு ஈரக் கண்ணாடியில் போகும்போது மெல்லிய, ஒரே சீரான சத்தம்தான் வரும். நறநறவென்று கேட்டால் அந்த நொடியே கையைத் தூக்கிவிட வேண்டும். இன்னும் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்போம் என்று நினைக்கிற இடத்தில்தான் நஷ்டம் வருகிறது.

இனி டஃபன் கிளாஸ், அதாவது சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடி. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இப்போது பால்கனி ஸ்லைடிங் கதவு, பாத்ரூம் ஷவர் தடுப்பு, ஆபீஸ் பார்ட்டிஷன், கட்டடத்தின் வெளிமுகக் கண்ணாடி என்று பல இடங்களிலும் டஃபன் கிளாஸ்தான். உடைந்தால் கூரான பெரிய துண்டாகாமல் சின்னச் சின்னத் துண்டாக உதிரும், ஆள் மேல் விழுந்தாலும் ஆபத்து குறைவு. நல்ல விஷயம்தான். அதைச் செய்வது எப்படி என்றால், வெட்டி விளிம்பு தேய்த்த கண்ணாடியை உலையில் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, வேகமான காற்றடித்துச் சட்டென்று குளிர வைப்பார்கள். உலைக்குள் கண்ணாடி செராமிக் ரோலர்களின் மேல் படுத்தபடி போகும். விளிம்பு தேய்த்தபோது ஒட்டிய கண்ணாடித் தூள் சரியாகக் கழுவப்படாமல் இருந்தாலோ, ரோலர்களைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் இருந்தாலோ, அந்தத் துகள்கள் உலைச் சூட்டில் கண்ணாடிப் பரப்போடு ஒட்டிப்போய்விடும். கண்ணால் பார்த்தால் தெரியாது. துணியால் துடைத்தாலும் வராது. ஆனால் பிளேடு பட்டால் பெயரும். பெயர்ந்த துகளைப் பிளேடு இழுத்துக்கொண்டே போகும். அரை அடி, ஓர் அடி நீளத்துக்கு முடி போன்ற கோடுகள் விழும். ஈரத்தில் அவை தெரியாது. கண்ணாடி காய்ந்து, சாயங்கால வெயில் சாய்வாக அடிக்கும்போதுதான் தெரியும். அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரரும் பார்க்க வருவார்.

உலகம் முழுக்க ஜன்னல் கிளீனிங் செய்கிறவர்களுக்கும் கண்ணாடி செய்கிறவர்களுக்கும் இதில் வழக்கு உண்டு. பிளேடு போட்டதால்தான் கோடு என்பது கண்ணாடி செய்கிறவர்கள் கட்சி. சரியாகக் கழுவி உலைக்குள் விட்ட கண்ணாடியில் அதே பிளேடு கோடு போடுவதில்லையே என்பது நம் கட்சி. அமெரிக்காவில் ஐடபிள்யூசிஏ என்ற ஜன்னல் கிளீனிங் தொழில் சங்கம் பல வருஷமாக இதைச் சொல்லி வருகிறது. நான் தொழிலாளர் பக்கம்தான். ஒரே தளத்தில், ஒரே ஆள், ஒரே பெட்டியில் எடுத்த பிளேடுகளோடு வேலை செய்து, ஒரு கதவு சுத்தமாக வந்து அடுத்த கதவு நறநறத்ததை நானே நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் நியாயம் நம் பக்கம் இருந்தாலும் பில்லில் கழிக்கப்படுவது நம் பணம். அதனால் முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? முதலில் கண்ணாடியின் மூலைகளைத் தேடுங்கள். டஃபன் கிளாஸ் என்றால் பெரும்பாலும் ஒரு மூலையில் அழியாத சின்ன முத்திரை இருக்கும். கம்பெனி பெயரோடு, பலவற்றில் ஐஎஸ் 2553 என்ற இந்தியத் தர எண்ணும் இருக்கும். ஃபிரேமுக்குள் மறைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, ஆகவே முத்திரை தெரியவில்லை என்பதால் சாதாரணக் கண்ணாடி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அடுத்து, கழுவித் துடைத்த கண்ணாடியின் மேல், விரல்களில் மெல்லிய பாலிதீன் கவரை மாட்டிக்கொண்டு மெதுவாகத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு கவர் போட்ட விரலுக்குத் தெரியும். சுத்தமான கண்ணாடியில் விரல் வழுக்கிப் போகும். துகள் ஒட்டிய கண்ணாடியில் புள்ளி புள்ளியாக நெருடும். இரண்டு பக்கமும் தடவிப் பார்க்க வேண்டும், ஒரு பக்கம் நன்றாக இருந்து மறுபக்கம் நெருடுவது சகஜம். நெருடல் இருந்தால் எங்கள் டீமில் ஸ்டீல் பிளேடு வெளியே வராது.

அந்தக் கண்ணாடிக்கு வேறு வழிகள் இருக்கின்றன. வேலை மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நடக்கும். வெள்ளை நைலான் பேட், பிளாஸ்டிக் பிளேடு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நிறைய ஊற வைத்தல். டேப் பசைக்கு ஆல்கஹால் அருமையாக வேலை செய்யும். பெயின்ட் புள்ளிகளை ஈரத் துணி ஒட்டி ஊற வைத்து எடுக்கலாம். சிமென்ட் தெறிப்பின் மேல் வினிகரில் நனைத்த டிஷ்யூ பேப்பரை ஒட்டி வைத்தால் இளகும், ஆனால் ஜன்னல் கட்டை மார்பிளாக இருந்தால் ஒரு சொட்டுகூடக் கீழே விழக் கூடாது, மார்பிள் அரித்துவிடும். நீண்ட நாள் காய்ந்த சிமென்ட் சில இடங்களில் கண்ணாடியையே அரித்து வெள்ளையாகப் பூத்திருக்கும். சிமென்டின் காரத் தன்மை செய்யும் வேலை அது. அதை எந்த ஸ்கிரேப்பராலும் எடுக்க முடியாது, முயற்சியும் செய்ய வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே கொத்தனார் ஒரு துணியால் துடைத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

ஓஎம்ஆரில் ஒரு சைட். பால்கனிக் கதவுகள் எல்லாமே டஃபன், தடவிப் பார்த்தால் நெருடுகிறது. சூப்பர்வைசர் வந்தார். "அக்கா, வெள்ளிக்கிழமை ஹேண்டோவர். பிளேடு போட்டுச் சீக்கிரம் எடுத்துடுங்க." அவருடைய விரலில் கவரை மாட்டித் தடவிப் பார்க்கச் சொன்னேன். அவருக்கும் நெருடியது. "தம்பி, பிளேடு போடச் சொல்லி ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, இப்பவே போடறேன்" என்றேன். யோசித்தார். எழுதித் தரவில்லை. பேடும் ஆல்கஹாலும் வைத்துச் செய்தோம். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது, அந்தக் கூலியும் பேசி வாங்கினோம். அதற்கு முன்னால் வேறொரு இடத்தில், ஜன்னல் மாட்டும்போதே விழுந்திருந்த கோடுகளுக்கு எங்கள் பில்லில் பணம் பிடித்தார்கள். அன்றிலிருந்து வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு கதவையும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து வீடியோ எடுத்து, சைட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறோம். டஃபன் கண்ணாடியில் பிளேடு போடச் சொன்னால் கோட்டுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற ஒரு வரி இப்போது எங்கள் கொட்டேஷனிலேயே இருக்கிறது. தொழில் செய்கிறவர்கள் தயவுசெய்து இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

டஃபன் தவிரவும் பிளேடு படக் கூடாத இடங்கள் உண்டு. வெயிலுக்காக ஒட்டிய சன் ஃபிலிம், கோட்டிங் போட்ட ரிஃப்ளெக்டிவ் கண்ணாடியின் கோட்டிங் பக்கம், அக்ரிலிக், பாலிகார்பனேட் ஷீட், பூ வேலை செய்த ஃபிராஸ்டட் கண்ணாடி. யூபிவிசி ஃபிரேமில் வெயிலில் காய்ந்து ஒட்டிப்போன பாதுகாப்பு ஃபிலிமையும் ஸ்டீல் பிளேடால் சுரண்டுகிறார்கள். வேண்டாம், அதற்கும் பிளாஸ்டிக் பிளேடுதான். கண்ணாடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் பீடிங்கைப் பிளேடு கிழித்தால் அடுத்த மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வரும்.

கைப் பாதுகாப்பில் நாங்கள் கண்டிப்பு. பிளேடை உள்ளே இழுக்காமல் ஸ்கிரேப்பரைக் கீழே வைக்கக் கூடாது, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கும் கொடுக்கக் கூடாது. கீழே வைக்க வேண்டும், அவர் எடுத்துக்கொள்வார். பிளேடு மாற்றும்போது கையைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்து, இடுக்கியால் பிடித்து மாற்ற வேண்டும். ஏணியில் நின்றபடி மாற்றவே கூடாது. ஜன்னலுக்கு வெளிப்பக்கம் கை நீட்டிச் செய்யும்போது கைப்பிடியில் கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும், கீழே ஆள் நடமாட்டம் இருக்கும். ரப்பர் கையுறை வழுக்கலுக்கும் சோப்புக்கும்தான் உதவும், வெட்டைத் தடுக்காது. வெட்டுத் தாங்கும் கையுறை தனியாகக் கிடைக்கிறது, இடது கைக்காவது அதைப் போட்டுக்கொள்ளுங்கள். வெட்டுப்பட்டால் ஓடும் தண்ணீரில் கழுவி, அழுத்திப் பிடித்து, டிடி ஊசி விஷயத்தை டாக்டரிடம் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும்.

பழைய பிளேடைக் குப்பைக் கவரில் அப்படியே போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கவரைக் கையால் பிரிக்கப் போவது மாநகராட்சித் தூய்மைப் பணியாளர். கெட்டியான பழைய பினாயில் பாட்டிலின் மேல்பக்கத்தில் சின்னக் கீறல் போட்டு, பிளேடுகளை அதற்குள் போட்டு வாருங்கள். நிறைந்ததும் டேப் சுற்றி, மேலே 'பிளேடு' என்று பெரிதாக எழுதி, பணியாளர் கையில் சொல்லிக் கொடுங்கள்.

இந்த ஸ்கிரேப்பருக்குப் பிளேடு பக்கத்து ஹார்ட்வேர் கடையில் கிடைக்காது. 10 செ.மீ. பிளேடை ஆன்லைனிலோ, கிளீனிங் சாமான் மட்டும் விற்கும் கடையிலோதான் வாங்க வேண்டும். அதனால் ஸ்கிரேப்பர் ஆர்டர் போடும்போதே பிளேடும் கூடுதலாகப் போட்டுவிடுங்கள். பிளேடு தீர்ந்துவிட்டதே என்று பழசை வைத்து ஒட்டலாம் என்ற எண்ணம் அப்போது வராது. மாதத்துக்கு ஒரு முறை வீட்டு ஜன்னல் துடைக்க மட்டும் என்றால் இவ்வளவு செலவு தேவையில்லை. சோப்புத் தண்ணீரும் ஒரு நல்ல வைப்பரும் போதும். எப்போதாவது ஒரு ஸ்டிக்கர் எடுக்க வேண்டி வந்தால் பிளாஸ்டிக் பிளேடு வாங்கிக்கொள்ளுங்கள்.